சூப்பர்வைசருக்கு ஒரு பனியன்

கோழிக்கு மார்புச் சுற்றளவு எடுப்பது எப்படி என்று யாராவது கேட்டால் இப்போது என்னால் சொல்ல முடியும். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிடிக்க, ஒருவர் அளக்க. டேப்பை இறக்கைக்கு அடியில் விட வேண்டும். கோழி மூச்சை இழுக்கும்போது அளக்கக் கூடாது. விட்டபிறகு அளக்க வேண்டும். அந்த இரண்டு பேரும் கணவன் மனைவியாக இருந்துவிட்டால், அளவு எடுத்து முடிப்பதற்குள் கல்யாணத்தன்றிலிருந்து சேர்த்துவைத்த சண்டை அத்தனையும் ஒரு தடவை வந்து போய்விடும்.

நான் கோழியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிங் டேபிள் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு குனிந்திருந்தார்.

"செஸ்ட்டு பதிமூணே கால்" என்றார்.

"றெக்கையையும் சேத்து அளந்திருக்கீங்க."

"நீ ஆட்டாமப் புடி அம்முணி. முப்பது வருசமா அளவெடுக்கறவனுக்குப் பாடம் நடத்தாத."

"முப்பது வருசமா மனுசனுக்குத்தானுங்க எடுத்தீங்க. மனுசனுக்கு றெக்கை இருந்துச்சுங்களா?"

ஆறு தையல் மெஷினும் நின்றுவிட்டன. டெய்லர்கள் அத்தனை பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோழி மட்டும் யாரையும் பார்க்கவில்லை. அதற்கு வேறு கவலை.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் சொந்தக்காரர் வீட்டு விருந்தைப் பற்றி எழுதியதற்கு இரண்டு வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. "ஏனுங்க, எங்களையா எழுதுனீங்க?" என்று கேட்டார்கள். நான் எழுதியது மூன்றாவது வீட்டைப் பற்றி. அவர்கள் வாய் திறக்கவில்லை. அதனால் இந்த வாரம் கோழியைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன். கோழி பத்திரிகை வாங்குவதில்லை. எழுத உட்கார்ந்தபிறகுதான் தெரிந்தது, இதிலும் ஒரு ஆளைப் பற்றி எழுதாமல் தப்பிக்க முடியாது என்று. அந்த ஆள் நான்தான்.

ஆறு மெஷினும் ஒரு கத்தரியும்

எங்கள் வீடு திருப்பூர்ப் பக்கம், திருமுருகன்பூண்டியைத் தாண்டி உள்ளே போகிற சந்தில் இருக்கிறது. காலையில் சிலைப் பட்டறையின் உளிச் சத்தம் கேட்டுத்தான் எழுந்திருப்பேன். ஒன்பது மணிக்கு எங்கள் மெஷின்கள் ஓட ஆரம்பித்தால் உளிச் சத்தம் காணாமல் போய்விடும்.

எங்களுடையது பவர் டேபிள். பெரிய கம்பெனிகள் துணியை வெட்டிக் கட்டுக்கட்டாக அனுப்புவார்கள். நாங்கள் தைத்துத் திருப்பித் தர வேண்டும். தைத்த பனியனில் தையல் முடிகிற இடத்திலெல்லாம் நூல் மீந்து தொங்கிக்கொண்டிருக்கும். அதற்குப் பிசிர் என்று பெயர். அதைச் சின்னக் கத்தரியால் ஒட்ட வெட்ட ஒரு ஆள் வேண்டும். வெட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு பீஸாகப் புரட்டிப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். அப்படிப் பார்ப்பதற்குத்தான் செக்கிங் என்று பெயர்.

பார்க்கிற ஆள் நான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் செக்கிங்தான். சொந்த பவர் டேபிள் போட்டபிறகு என் வீட்டுக்காரருக்குச் சம்பளமில்லாத செக்கிங் சூப்பர்வைசர் கிடைத்தாள். என் கண்ணிலிருந்து ஒரு பிசிரும் தப்பாது என்று நானே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்ல வேண்டியிருந்தது.

வெட்டுகிற ஆள் ஜமுனா. ஒடிசாக்காரி. முப்பதை ஒட்டிய வயது. ஐந்து வருஷத்துக்கு முன் வந்தபோது தமிழில் 'சாப்பாடு', 'தண்ணி' இரண்டும்தான் தெரியும். இப்போது எங்களைவிட அதிகமாக 'ங்க' போடுகிறாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற லைன் வீட்டில் ஒரு அறையில் இருந்தாள். பிசிர் வெட்டுவதோடு, பொழுது சாய்ந்ததும் தரையில் கிடக்கிற நூலையும் துணிக் கழிவையும் கூட்டி மூட்டை கட்டுவதும் அவள் வேலை.

தினமும் நான் அவளிடம் சொல்கிற வசனம் ஒன்றுதான். "என்ன கூட்டுன? எங்க பாத்தாலும் பிசிரு!" தரையில் நூல் கிடந்தாலும் சொல்வேன், கிடக்காவிட்டாலும் சொல்வேன். செக்கிங் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வியாதி உண்டு. 'சுத்தமா இருக்கு' என்று சொல்லிவிட்டால் நமக்கு அங்கே என்ன வேலை?

ஒரு தடவை கம்பெனியிலிருந்து ஒரு கட்டு பீஸ் அப்படியே திரும்பி வந்தது. எல்லாவற்றிலும் பிசிர். அத்தனை டெய்லர்கள் முன்னாலும் ஜமுனாவை நிற்க வைத்துக் கத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதானுங்கக்கா" என்றாள். வெட்டாமல் விட்டது அவள் தப்பு. சரி. அதைப் பார்த்து பாஸ் பண்ணியது யார் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

கோழி இருக்கறப்ப வராம எங்க போவேன்

அவள் அறைக்கு வெளியே ஒரு கூண்டு. அதில் ஒரு சிவப்பு நாட்டுக்கோழி. குஞ்சாக வாங்கி அவளே வளர்த்தது. கழுத்தை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு நடக்கும். தரையில் கிடப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல் நிமிரும். ஜமுனா அதற்கு வைத்திருந்த பெயர் சூப்பர்வைசர். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது.

ஊரில் அவள் அம்மா கிணற்றடியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார் என்று ஒருநாள் காலை போன் வந்தது. அன்று மதியமே கிளம்பினாள். என் வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. எங்கள் தொழிலில் ஊருக்குப் போகிற ஆள் திரும்பி வருவது சாமி வரம் மாதிரி. வரும் என்று நம்பலாம், கேட்க முடியாது. பிசிர் வெட்ட ஆள் கிடைக்காமல் பக்கத்துச் சந்தில் ஒரு பவர் டேபிளையே மூடிவிட்டார்கள்.

"வந்துருவயல்லொ?" என்று அவர் மூன்றாவது தடவையாகக் கேட்டபோது, ஜமுனா கூண்டைக் காட்டினாள்.

"கோழி இங்கதானுங்க இருக்குது, அண்ணா. வராம எங்க போவேன்?" என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க பாத்துக்கங்க. உங்களுக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியும்" என்றாள்.

நான் பெருமையாகத் தலையாட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அந்த அவசரத்திலும் கூண்டைச் சுற்றிக் கூட்டிவிட்டுத்தான் போனாள்.

அவள் போனதும் என் வீட்டுக்காரர் சொன்னார்: "அம்முணி, கோழி போச்சுன்னா ஆளும் போச்சு. பத்திரம்."

மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுகூட அவர் 'பத்திரம்' என்ற சொல்லை அந்த மாதிரி உச்சரித்ததில்லை.

வைத்தியர்கள் ஆறு பேர், நோயாளி ஒன்று

நான்காம் நாள், சமையலறை வாசலில் சாய்த்து வைத்திருந்த அரிசி மூட்டையைக் கோழி கண்டுபிடித்தது. வயிறு முட்டத் தின்றது. பிறகு போய்த் தண்ணீர் குடித்தது. காய்ந்த அரிசி, மேலே தண்ணீர். உள்ளே போய் அது ஊதத்தானே செய்யும்?

கோழிக்குக் கழுத்துக்கும் மார்புக்கும் நடுவில் ஒரு பை உண்டு. தின்றது முதலில் அங்கேதான் போய் உட்காரும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். தீனிப்பை என்பார்கள். திருப்பூர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் அதுதான் குடோன். சாயங்காலம் குடோன் நிறைந்திருக்கலாம். காலையில் காலியாக இருக்க வேண்டும். மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தேன். பெரிய கொய்யாக்காய் அளவுக்குக் கெட்டியாக இருந்தது. கோழி கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூலையில் நின்றது.

எங்களிடம் ஆறு டெய்லர்கள். ஆறு பேரும் கோழி டாக்டர்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருவர் சின்ன வெங்காயம் என்றார். ஒருவர் மிளகும் வெற்றிலையும் என்றார். ஒருவர் பூண்டு. தேனிக்காரர் ஒருவர் சுக்கு என்றார். பீகார்ப் பையன் ஒருவன் அஜ்வைன் என்று எதையோ சொல்ல, அது ஓமம் என்று கண்டுபிடிக்கவே அரைமணி நேரம் ஆனது. தீனிப்பை அடைத்துக்கொண்டிருக்கிற கோழிக்கு முதலில் செய்ய வேண்டியது தீனியை நிறுத்துவது. நாங்கள் ஒரு ரசத்துக்கு வேண்டிய அத்தனையையும் அதன் வாயில் போட்டோம்.

மதியம் என் வீட்டுக்காரர் போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தார். கோழியைத் தலைகீழாகப் பிடித்து, பையை அமுக்கினால் எல்லாம் வெளியே வந்துவிடுமாம்.

"வேண்டாமுங்க, பாத்தா பயமா இருக்குது" என்றேன்.

"நீ சும்மா இரு" என்று காலைப் பிடித்துத் தூக்கினார்.

புளித்த வாடையோடு தண்ணீர் கொட்டியது. கோழி ஒரு தடவை இருமியது. பிறகு கழுத்தைத் தொங்கப் போட்டுவிட்டது.

"அட சாமீ! கொன்னு போட்டீங்களே!" என்று நான் போட்ட சத்தத்தில் பட்டறையில் உளி நின்றுபோனது. கோழியைத் துண்டில் சுற்றி, மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, கால்நடை மருந்தகத்துக்கு ஓடினோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா தெற்கத்திக்காரர். கோழியை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"தலகீழாப் புடிச்சியளா?"

"ஆமாங்க."

"யாரு சொன்னா?"

"வீடியோல போட்டிருந்தாங்க."

"அந்த வீடியோலயே போயி வைத்தியமும் பாத்திருக்கலாம்லா? மூச்சுக்குழாய்ல தண்ணி இறங்குச்சுன்னா அவ்வளவுதான், கோழி செத்துரும். இது பொழச்சது உங்க அதிர்ஷ்டம்."

பிறகு கோபம் தணிந்து சொல்லிக் கொடுத்தார். ஒரு நாள் முழுக்கத் தீனி கிடையாது, தண்ணீர் மட்டும். வாயில் நாலு சொட்டு தேங்காய் எண்ணெய். நேராக உட்கார வைத்து, பையை விரல் நுனியால் மெதுவாகப் பிசைந்துவிட வேண்டும். அமுக்கக் கூடாது. இளகாவிட்டால் தாமதிக்காமல் கொண்டுவர வேண்டும்.

நான் பிசைந்தேன். வேளைக்கு வேளை, தப்பாமல். என் சொந்தக் கை கால் வலிக்குக்கூட அப்படி ஒரு கவனிப்பு நடந்ததில்லை. மூன்றாம் நாள் காலையில் பை இளகி இறங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோழிக்காகவா, பிசிர் வெட்டுகிற ஆளுக்காகவா என்று கேட்டால், அப்போது இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

சாம்பிள் அப்ரூவல்

அடைப்பு போனாலும் பை பழையபடி சுருங்கவில்லை. காலிப் பை போலத் தொளதொளவென்று தொங்கியது. நடந்தால் பக்கவாட்டில் ஆடியது.

"எலாஸ்டிக் ரெக்கவரி போயிருச்சு" என்று என் வீட்டுக்காரர் நோயைக் கண்டுபிடித்தார்.

டாக்டரம்மாவும் ஏறக்குறைய அதையே சொன்னார். "தொங்குனா தின்னது கீழ இறங்காது. தாங்கிப் புடிக்க மெல்லிசா ஒரு துணிக்கட்டு கட்டி வைங்க. இறுக்கிராதிய."

துணிக்கட்டு என்றுதான் அந்த அம்மா சொன்னார். ஆனால் அதை எங்கே, யாரிடம் சொன்னார்? என் வீட்டுக்காரர் காதில் அது ஆர்டராக விழுந்தது. முப்பது வருஷம் அடுத்தவன் டிசைனைத் தைத்தவருக்குக் கடைசியில் ஒரு சொந்த டிசைன் கிடைத்துவிட்டது.

அப்படித்தான் நான் கோழியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிங் டேபிளில் உட்கார வேண்டி வந்தது. செஸ்ட் பதிமூன்றே கால் என்று நாங்கள் சண்டை போட்டது அப்போதுதான். லைக்ரா கலந்த கிளிப்பச்சை ரிப் துணி, ஏதோ ஒரு பழைய ஆர்டரில் மீந்தது. நாங்கள் அந்த மாதம் தைத்துக்கொண்டிருந்ததெல்லாம் நேவி புளூ. நூலும் நேவி புளூ. ஓடுகிற ஆர்டர் நூலைக் கோழிக்குச் செலவழிக்க மனமில்லாமல், அடுக்கில் கிடந்த பழைய ஆரஞ்சு நூல் கோன் ஒன்றை மெஷினில் ஏற்றினார்.

முதல் சாம்பிளைப் போட்டுவிட்டோம். கோழி பின்பக்கமாகவே நடந்து, சுவரில் முட்டி, உட்கார்ந்துவிட்டது. அதைப் போட்டோ எடுத்து அவர் ஜமுனாவுக்கு அனுப்பினார். "அவதானே பையர்? ஆர்டர் குடுத்தவகிட்ட அப்ரூவல் வாங்கோணுமல்லொ" என்றார்.

உடனே வீடியோ காலில் வந்துவிட்டாள். சிரிப்பென்றால் சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. "அண்ணா, ஆர்ம்ஹோல் டைட்டா இருக்குதுங்க! கழுத்து எச்சா எறங்கியிருக்குது!" என்று குறை சொன்னாள். அவள் குறை சொல்ல, என் வீட்டுக்காரர் பவ்யமாக நோட்டில் குறித்துக்கொண்டார். ஐந்து வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டில் அவள் சிரிக்கிற மாதிரி நான் ஒன்றும் சொன்னதில்லை.

இரண்டாவது சாம்பிள் ஓகே ஆனது. கோழி அதைப் போட்டுக்கொண்டு முன்பக்கமாகவே நடந்தது. பை மார்போடு ஒட்டி நின்றது. டெய்லர்கள் கைதட்டினார்கள். கழுத்தில் மீடியம் என்று ஒரு லேபிள் வேறு.

போட்டுவிடுவதற்கு முன்னால், முறைப்படி, அதை என்னிடம் நீட்டினார். "செக்கிங்?"

நான் ஒரு புரட்டுப் புரட்டினேன். "கோழிக்குத்தானுங்க! போட்டு உடுங்க" என்றேன்.

பக்கத் தையல் முடிகிற இடத்தில், ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் விட்ட நூல் சங்கிலி நாலு விரல் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. பார்த்தேன். கத்தரி எட்டாத தூரத்தில் இருந்தது. எழுந்து போக வேண்டும். போகவில்லை.

ஆரஞ்சு நூல்

ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தது. பனியன் போட்ட கோழியைப் பார்க்கச் சந்துக்காரர்கள் வந்து போனார்கள். ஒரு நாள் காலையில் கூண்டைத் திறந்தேன். பனியனின் ஒரு பக்கம் முழுக்கத் தையல் விட்டு, துணி திறந்து கிடந்தது. தைத்த நூலைக் காணவில்லை.

ஓவர்லாக் தையலின் குணம் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அதன் நுனியை ஒழுங்காக வெட்டி மடக்காமல் விட்டு, சரியான பக்கத்தில் பிடித்து இழுத்தால், சரசரவென்று முழுத் தையலும் உருவிக்கொண்டு வந்துவிடும். தொங்கிய நூலைக் கோழி கொத்தியிருக்கிறது. வர வர விழுங்கியிருக்கிறது. தரையில் கிடப்பதையெல்லாம் சோதிக்கிற கோழி. நான் விட்டதைக் கண்டுபிடித்துவிட்டது.

பையைத் தொட்டேன். உள்ளே உருண்டையாக, கெட்டியாக. எண்ணெய் விட்டேன், பிசைந்தேன். அரிசி என்றால் இளகும். நூல் எங்கே இளகுகிறது? இந்தத் தடவை டெய்லர்கள் யாரும் வைத்தியம் சொல்லவில்லை. மறுபடியும் கோழியைத் துண்டில் சுற்றி, மொபெட்டில் மருந்தகத்துக்குப் போனோம்.

"கீறித்தான் எடுக்கணும்" என்றார் டாக்டரம்மா.

மரத்துப்போக ஊசி போட்டு, இறகைப் பிடுங்கி, முதலில் தோலையும் பிறகு உள்ளே பையையும் சின்னதாகக் கீறினார். இடுக்கியை விட்டு இழுத்தார். ஆரஞ்சு. இழுக்க இழுக்க வந்தது. அத்தனையும் ஆரஞ்சு. தரையில் கிடக்கிற நேவி புளூவில் ஒரு இழைகூட இல்லை. தட்டில் அதைப் போட்டபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

தைக்கும்போது என் வீட்டுக்காரரால் பொறுக்க முடியவில்லை. எட்டிப் பார்த்தார். "தோலு, பை ரெண்டு பிளையும் சேத்து ஒரே தையலா அடிச்சுரலாமேங்க டாக்டர். வெசையா முடிஞ்சிரும்."

"இது பனியன் இல்ல. பை தனி, தோலு தனி. ரெண்டையும் சேத்துத் தச்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும். அப்புறம் பை எப்படி அசையும்?" என்று சொல்லி, உள்ளே தனியாக, வெளியே தனியாகத் தைத்தார். முடித்ததும் நூலை ஒட்ட வெட்டினார். அதை நான் பார்த்தேன்.

"ரெண்டு நாள் தாண்டுனா கவலயில்ல. மெத்துன்னு ஊறவச்சதா குடுங்க" என்றார். தட்டைக் காட்டி, "இம்புட்டு நூலு எங்க கெடந்துச்சு?" என்று கேட்டார்.

"பவர் டேபிள் வச்சிருக்கமுங்க" என்றார் என் வீட்டுக்காரர். பொய் இல்லை. பதிலும் இல்லை.

நான் மன்னித்த கதை

மறுநாள் மதியம் ஜமுனாவைக் கூப்பிட்டோம். சொல்லாமல் விட முடியாது. பனியன் போட்டதிலிருந்து தினம் ஒரு தடவை அவள் கோழியைப் பார்க்க வீடியோவில் வந்துவிடுவாள்.

"கோழி நூலைத் தின்னுருச்சு ஜமுனா. டாக்டர் கீறி எடுத்தாங்க. இப்பப் பரவால்ல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எந்த நூல் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன் என்றே நினைக்கிறேன்.

அதற்குள் அவள் பேசிவிட்டாள். "நான்தானுங்கக்கா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கூண்டுக்குப் பின்னாடி சரியாக் கூட்டாம வந்துட்டனுங்க. தப்புதானுங்க. உங்களுக்கு எவ்வளவு சிரமம்! அண்ணாவைக் கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்கக்கா."

அவளுடைய கோழி. கீறித் தைத்துக் கிடந்தது அவளுடைய கோழி. மன்னிப்புக் கேட்டது அவள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? வாசகர்களான நீங்கள் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு வாரமும் கடிதம் எழுதுகிறீர்கள். அதனால் அப்படியே சொல்கிறேன்.

"சரி, போச்சாது உடு. இனிமேலாவது பாத்துக் கூட்டு" என்றேன்.

மன்னித்துவிட்டேன்!

போனை வைத்ததும் என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். "நல்லவேளை அம்முணி. அவ மேலயே தப்புன்னு நெனச்சுட்டா. ஆளு எப்படியும் வந்துரும்."

நான் போய்ச் செக்கிங் டேபிளில் உட்கார்ந்தேன். நேவி புளூ பீஸ்கள் மலைபோல் கிடந்தன. ஜமுனா இல்லாததால் எல்லாவற்றிலும் பிசிர். ஒவ்வொன்றாக நானே வெட்டினேன். சாயங்காலம் வரை வெட்டியும் பாதிகூடத் தாண்டவில்லை. தினமும் ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து இவ்வளவையும் வெட்டியிருக்கிறாள். நான் அதில் எதையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்டும்போதெல்லாம் அவள் எவ்வளவு வேகமாக 'நான்தானுங்க' என்று சொன்னாள் என்பதே நினைவுக்கு வந்தது. யோசிக்கவே இல்லை அவள். யாரிடம் பழகினாள் அந்த வேகத்தை?

அடுத்த நாள் காலையில் கோழி ஊறவைத்த அவலை இரண்டு வாய் தின்றது. நான் டீயைக்கூடக் குடிக்காமல் போனை எடுத்தேன். என் வீட்டுக்காரர், "எதுக்கு இப்ப? அதுதான் முடிஞ்சு போச்சல்லொ. சொன்னா அவ வருவாளா?" என்றார்.

"வராட்டிப் போறா உடுங்க" என்றேன்.

ஜமுனாவிடம் ஒரே மூச்சில் சொன்னேன். அது தரையில் கிடந்த நூல் இல்லை, பனியன் நூல். தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். பார்த்தும் வெட்டாமல் பாஸ் பண்ணினேன். நேற்று நீ மன்னிப்புக் கேட்டபோது சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். இருந்தது. திட்டினால் வாங்கிக்கொள்வது என்று காத்திருந்தேன்.

"அப்ப நான் கூட்டுனது சுத்தமாத்தான் இருந்துச்சுங்களாக்கா?"

"சுத்தமா இருந்துச்சு கண்ணு. ஒரு பிசிர் கெடையாது."

"ஒரு நிமிசமுங்க." ஏதோ நகர்த்துகிற சத்தம் கேட்டது. "அக்கா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கறன். அம்மா பக்கத்துல படுத்திருக்குது. நேத்து நான் உங்ககிட்டப் பேசுனதப் பாத்துட்டு, வேலை செய்யற எடத்துல நீ என்ன தப்புப் பண்ணுனன்னு கேட்டு அழுதுட்டே இருந்துச்சுங்க. இப்பச் சொன்னீங்கள்ல, அதை இன்னொருக்காச் சொல்லுங்கக்கா."

"அவங்களுக்குத் தமிழ் தெரியாதே ஜமுனா."

"தெரியாதுங்க. உங்க கொரல்ல கேக்கட்டுமுங்க. நான் அப்புறம் சொல்லிக்கறேன்."

எப்போது திரும்பி வருவாய் என்று கேட்கும்படி என் வீட்டுக்காரர் எதிரில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுகொண்டேன். அந்தப் பக்கம் ஒரு வயதான மூச்சுச் சத்தம் கேட்டது.

"உங்க புள்ள மேல ஒரு தப்பும் இல்லீங்கம்மா" என்றேன். "தப்பு நான் பண்ணுனதுங்க."